பேர் தெரியாத பெட்டிகள்

...அவன் திருடவில்லையே, வாங்கினான், விற்றான், அவ்வளவுதானே, ரமணாசிரமம் பக்கத்து காபிக் கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே வேலை செய்கிறவன், அவர்கள் கிரிப்டோ கிரிப்டோ என்று அந்தக் கம்ப்யூட்டர் காசைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டு வாங்கி வைத்தான், விலை ஏறியதும் செல்போனிலேயே யாருக்கோ விற்றான், அதற்குப் போய் ஒருத்தனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்களா... வேங்கிக்கால் சைபர் கிரைம் அலுவலக வராந்தாவில் அன்புச்செல்வி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் தம்பி சக்கரவர்த்தி. காலையில் ஒரு வாய் இட்லி கூடச் சாப்பிடவில்லை, பசி தாங்க மாட்டானே, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் அவளுடைய டப்பாவையும் சேர்த்துக் காலி பண்ணிவிடுவான், இப்போது தண்ணீராவது கொடுத்திருப்பார்களா, கதவைத் தட்டிக் கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ...

கதவு திறந்து எஸ்.ஐ. ஆதிலட்சுமி வெளியே வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "பயப்படாதீங்கம்மா. கூப்பிட்டதும் வந்துட்டாரு, எதையும் மறைக்கல. ஆனா அவர் வித்த காயின் நாலஞ்சு கை மாறி ஒருத்தனுக்குக் கூலியா போயிருக்கு. மிலிட்டரி வண்டி போற ரோட்டை போட்டோ எடுத்து, எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புறவன்."

"என் தம்பிக்கு அவனைத் தெரியாதுங்க மேடம்."

"தெரியாதுதான். இந்தக் காயினைப் போட்டு வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி இருக்கே, வாலட்டுன்னு சொல்லுவாங்க, அதுல எந்தப் பெட்டில இருந்து எந்தப் பெட்டிக்குப் போச்சுன்னு கம்ப்யூட்டர்ல உலகத்துக்கே தெரியுது, பெட்டிக்காரன் பேருதான் தெரியல. பேரோட மாட்டினது உங்க தம்பி ஒருத்தர்தான், வித்த காசு அவர் பேங்க் அக்கவுண்டுக்கு வந்ததால."

அண்ணாமலையாரே, அவனை விட்டுவிடச் சொல்லு, இந்தப் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு சுற்றி வருகிறேன், பேர் இல்லாதவன் எல்லாம் எங்கேயோ சௌக்கியமாக இருக்க, பேர் உள்ளவன் என்பதற்காக இவனா, இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லையே, பேப்பரில் பேர் வந்தால் யார் பெண் கொடுப்பார்கள்...

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

"மிலிட்டரிலங்க."

"எங்க?"

"ஜம்மு..."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. ஜம்மு, ரோடு, பச்சை வண்டிகள், ஒன்றின் பின் ஒன்றாக, அதில் எதில், ஜன்னல் ஓரமாகவா, தார்ப்பாய்க்குள்ளா, எங்கேயோ ஒரு மரத்தடியில் எவனோ செல்போனைத் தூக்கிப் பிடித்து... கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. அவள் வீட்டுக்காரர் இளஞ்செழியன்தான்.

"செல்வி, சாப்டியா? எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்குது?"

"வெளிய வந்தேங்க... நீங்க வண்டிலயா போறீங்க?"

"இல்லடி, கேம்ப்லதான். நாளைக்குக் கிளம்புறோம். ஏன் கேக்கற?"

ஏன் கேட்டாள்... எப்போதும் அவருக்காகத்தானே வேண்டிக்கொள்வாள், ஒவ்வொரு பௌர்ணமியும் அவருக்காகத்தானே, இன்றைக்கு மிலிட்டரி வண்டி என்று எஸ்.ஐ. அம்மா சொன்னபோதுகூட அவர் ஞாபகம் வரவில்லையே, தம்பி முகம்தானே வந்தது... "சும்மாதாங்க," என்றாள். உள்ளே தம்பி இருமுவது கேட்டது. செல்போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.