நாற்பத்தோராம் பக்கத்தில் மின்புலம் பூஜ்யம்

1

தெஹ்ரானில் ஓர் இயற்பியல் துறையின் நூலகத்தில், பழைய ஆய்வேடு ஒன்றின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'இது ஏன் பூஜ்யம்?' இந்தக் கதை அங்கிருந்து வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. ஆய்வேட்டுக்காரியையும் தெரியாது. அதனால் பெகாஹ் என்று ஒருத்தியை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: பெகாஹ் ஜன்னல் வழியே மலைமேல் பனியை

(வேண்டாம். ஜன்னலில் புகைதான் தெரியும்.)

இரண்டாவது: வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தன் அலை நகராது என்று பெகாஹ் கண்டுபிடித்தாள்.

இது இருக்கட்டும்.

2

அலை இதுதான். மிகச் சூடான பிளாஸ்மா. அதில் ஏறக்குறைய ஒளிவேகத்தில் ஓடும் துகள்கள், சுழலும் திசையைப் பொறுத்துச் சில வலக்கை, சில இடக்கை. பலத்த காந்தப்புலத்தில் மின்னூட்டம் ஓரிடத்தில் கூடினால், வலக்கையும் இடக்கையும் எதிரெதிர்ப் பக்கம் பிரியும். அந்தப் பிரிவு திரும்ப மின்னூட்டத்தை நகர்த்தும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இரண்டும் காந்தப்புலத்தின் வழியே அலையாகப் போகும். அதன் வேகத்தை நான்கு வருடம் கணக்கிட்டாள்.

கூடிய மின்னூட்டம் தானே ஒரு மின்புலத்தையும் உண்டாக்கும். நாற்பத்தோராம் பக்கத்தில் அதைப் பூஜ்யம் என்று வைத்திருந்தாள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அலை எங்கும் போகாது. நின்ற இடத்தில் அதிரும். பிளாஸ்மா மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் ஓர் அதிர்வு முடியும் முன்பே அடங்கிவிடும்.

3

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? உன் பிஸ்கட்ட நான் இன்னும் திங்கவே ஆரம்பிக்கலியே," என்றான் பக்கத்து மேசை சியாமக்.

"என் அலை செத்துப்போச்சு."

அவள் கணக்குப் போட்ட தாளை வாங்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்டதான்."

"நான் பாக்கல. எனக்குக் கண்ணு சரியில்ல."

நெறியாளர் சுஹைலி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே அதே தாளைப் படித்தார்.

"நீ சரியாத்தான் போட்டிருக்கேம்மா. பட்டம் வாங்கு. அப்புறம் இதைத் தனிக் கட்டுரையா எழுது."

"நாலாம் அத்தியாயமே தப்பு, உஸ்தாத்."

"தப்புன்னு யாரு சொன்னா? ஒரு எல்லைக்குள்ள சரி. இப்பத் தேர்வைத் தள்ளி வெச்சா ஆறு மாசம் போயிடும். அங்காராத் தூதரகத்துல விசா நேர்காணல் என்னைக்கு?"

"இருபத்தி மூணு."

"அந்த வெளிநாட்டு வேலை அதுவரைக்கும்தான் காத்திருக்கும். யாராவது கேட்டா மறைக்காதே. கேக்கலைன்னா நீயா ஆரம்பிக்காதே."

(முதல் வரைவில் சுஹைலியை அயோக்கியராக எழுதினேன். பொருந்தவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. தொல்லையே அதுதான்.)

4

தேர்வன்று கெர்மான்ஷாவிலிருந்து அப்பா அரிசி பிஸ்கட் டப்பாக்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெகாஹ் நாற்பது நிமிடம் பேசினாள்.

"நீங்க கேளுங்க, டாக்டர்," என்றார் முதல் தேர்வாளர்.

"ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா?"

"வெளியிலேர்ந்து வந்த விருந்தாளி கேக்கட்டும்."

"இவ்வளவு அழகா எழுதின பொண்ணைக் கேள்வி கேக்க வெக்கமா இருக்குங்க."

மூன்று தேர்வாளர்களும் இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் மேற்கோள் பட்டியலில் ஓர் ஆண்டு பிழை என்றார் ஒருவர். அவ்வளவுதான்.

முடிவு அ: அவளே சொல்லிவிடுகிறாள். அப்பா என்ன நடந்தது என்று புரியாமல் டப்பாவை

முடிவு ஆ: சொல்லவில்லை. அங்காரா. விமானம். அவளுடைய அலை நூலகத்தில் நகர்ந்துகொண்டே

இரண்டையும் அடித்துவிட்டேன். நான் இந்தப் படிப்பைப் பாதியில் விட்டவன். அவளைப் பேச வைத்தால் அதில் என் பொறாமை இருக்கும். வாயை மூட வைத்தால் அதிலும் இருக்கும். எழுதுகிறவனின் இழுப்பு இல்லாத பக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

5

ஆகவே நான் வெளியே போகிறேன். மூன்றாம் வரிசையில் சியாமக்குக்குப் பக்கத்து இருக்கை காலி. நீங்கள் உட்காருங்கள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சுஹைலி எழுந்து அவையைப் பார்த்துக் கேட்கிறார்: "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?"

விஷயம் தெரிந்தவர் நீங்கள். பெகாஹ் உங்களைப் பார்க்கிறாள். கேட்டால் மறைக்கமாட்டாள்.

சுஹைலி இன்னும் உட்காரவில்லை.