ஒரு செடி அகலம்

மண்டபத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒயரைச் சுருட்டிவைக்க வந்த சசிரேகாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நொடியே தன்மேல் வெட்கமாக இருந்தது. நாற்காலிகள் போனது அவள் வீட்டு வாசலுக்குத்தான். அங்கே கூடாரத்தின் அடியில் அவளுடைய அப்பா பழனியப்பன் மாலையோடு படுத்திருக்கிறார். எஸ்டேட்டில் எழவு விழுந்தால் மண்டபத்து நாற்காலி வேறு எங்கே போகும்?

சனிக்கிழமை இதே மண்டபத்தில் அவளுடைய வீடியோ கண்காட்சி திறப்பதாக இருந்தது. எதிரெதிரே இரண்டு திரைகள். ஒவ்வொரு திரையிலும் ஓர் ஆள், நிஜ உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருப்பவரை ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது. மாமியாரும் மருமகளும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். வாய் ஓயாமல் சண்டை போடும் டொனால்டும் அவர் மனைவி கரேனும் நாலாவது நிமிடத்தில் சிரித்துவிட்டார்கள்.

"பேசாம ஒக்காந்திருக்கிறதுக்குப் பேரு கலையா? அப்ப நம்ம ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிதான் லா பெரிய கலைஞரு" என்று அப்பா கிண்டலடித்தார். பிறகு ஒருநாள் அவரே, தேய்த்த நீலச் சட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதிர்ல யாருப்பா?"

"நீ எடு. ஆளு வருவான்."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

அப்பாவும் ஆண்டியப்பனும் பத்தொன்பது வருஷம் ஒரே மிஷினைப் பிடித்தவர்கள். தேயிலைக் கொழுந்து வெட்டும் அந்த மிஷினுக்கு இரண்டு முனை. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என்ஜின் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது, எல்லாம் தலையசைப்புதான். ஒருநாள் செடிக்குள்ளிருந்து குளவி கிளம்பியது. அப்பா கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினார். சாய்ந்த மிஷின் ஆண்டியப்பனின் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது.

விரலை ஆண்டியப்பன் பெரிசுபண்ணவில்லை. குளவிக்கு யார்தான் ஓடமாட்டார்கள்? ஆனால் அப்பா ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் ஆண்டியப்பனுக்கு ஆறவே இல்லை. எந்த முகத்தோடு போவது என்று அப்பா நாளைத் தள்ளினார். தள்ளித் தள்ளி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆண்டியப்பன் எஸ்டேட்டை விட்டு கம்போங் ராஜா என்ற ஊருக்குக் குடிபோய்த் தக்காளி போட ஆரம்பித்தார்.

அப்பாவைப் படம் எடுத்த பிறகு சசிரேகா அவருக்கு மூன்று முறை போன் அடித்தாள். "பார்ப்போம் லா பாப்பா" என்பதோடு முடித்துக்கொண்டார். அப்பாவுக்கு எதிர்த் திரை வெறும் கறுப்பாகவே கிடந்தது. நேற்றுக் காலை அப்பா தேநீர் கேட்டார், அம்மா கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

"ஆண்டியப்பனுக்கும் சொல்லியாச்சு. வர்றதும் வராததும் அவரு இஷ்டம்" என்றாள் அம்மா உமாதேவி.

எல்லோரும் வாய்க்கரிசி போடும்போது சசிரேகா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரே ஒருத்தருக்காகக் காத்திருந்தார். அந்த ஒருத்தர் வராமல் அவரை அனுப்புவது அவளுக்குத் தாங்கவில்லை. இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம் என்று கெஞ்சினாள். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் அர்ஜுனன் வானத்தைக் காட்டினார்.

"பாப்பா, மழ புடிச்சிக்கிச்சுன்னா தூக்குறவன் காலு நிக்காது."

தூக்கிவிட்டார்கள். அம்மா லயத்து முனைவரை ஓடி, அங்கேயே நின்று கத்தி அழுதாள்.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மஞ்சள் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஆண்டியப்பன் இறங்கினார்.

"வர்ற வழியில கோலா தெர்லாகிட்ட மண்ணு சரிஞ்சிருச்சு. லோரிங்க வரிசையா நிக்குது, மோட்டாருகூட நுழைய முடியல..." வீடு கழுவிய தண்ணீர் படியில் வழிவதைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. "எடுத்துட்டீங்களா அண்ணி?"

அம்மா தலையாட்டினாள்.

அவர் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் வரல, வரலன்னு ஒம்போது வருஷம் திட்டுனேன். இன்னிக்கு நான் வரல. ஐயோ, மூஞ்சியக்கூடப் பார்க்கலயே!"

மழைக்கோட்டின் மேல் கிடந்த அந்தக் கையைச் சசிரேகா பார்த்தாள். மூன்று விரல்கள்தான் இருந்தன.

"பார்க்கலாம் சித்தப்பா. மண்டபத்துக்கு வாங்க."

கூட்டுமாறோடு நின்ற சீதா அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, வெளையாடுறியா? எழவு வீட்டுக்காரங்க பதினாறு நாளைக்கு டிவிகூடப் போட மாட்டாங்க. அப்பன் சாம்பல் ஆறல, அதுக்குள்ள மக படம் காட்டப் போறாளாம்!"

கால் கழுவிய ஆண்கள்கூடக் குழாயை மூடிவிட்டுப் பார்த்தார்கள். சசிரேகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சிரிச்சி ஆடிக்கிட்டு இருக்கக்கூடாதுன்னுதான் டிவி போடுறதில்ல சீதா. அந்த மனுசன் ஆளு வருவான், வருவான்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. வந்த ஆளத் திருப்பி அனுப்பச் சொல்றியா?" பிறகு மகளிடம், "நாற்காலி ஒண்ணு எடுத்துக்க" என்றாள்.

சுருட்டிய ஒயரையெல்லாம் சசிரேகா மறுபடி பிரித்து மாட்டினாள். கறுப்புத் திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டாள். ஆண்டியப்பன் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

எதிரே அப்பா வந்தார். நீலச் சட்டை. ஒரு முறை இருமினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் முழங்காலைப் பார்த்தார்.

"எளச்சிட்டான்" என்றார் ஆண்டியப்பன்.

மூன்றாவது நிமிடத்தில் அப்பா நிமிர்ந்தார். ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி, மோவாயை இரண்டு தடவை மேலே ஆட்டினார். அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும் என்று சசிரேகா குறித்து வைத்திருந்தாள். அலுத்துப்போய், போதும் நிறுத்து என்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

ஆண்டியப்பன் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"தூக்குங்கிறான்."

"என்ன சித்தப்பா?"

"மிஷினத் தூக்குங்கிறான் பாப்பா. நடுவுல யாரு கைய விட்டாலும், திரும்பப் புடிச்சிக்கிட்டு அவந்தான் மொதல்ல மோவாயத் தூக்கணும். நான் ரெடி, நீ ரெடியான்னு. அது எங்க வழக்கம்." அவர் திரையைக் கைகாட்டினார். "கைய விட்டவன் கூப்புட்டுட்டான். கூப்புட்டுட்டான் பாரு!"

அவர் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். சசிரேகாவும் அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை அது, மார்புக்குள் ஏதோ இளகினாற்போல இருந்தது. படம் முடிந்து திரை வெளுத்ததை இருவரும் கவனிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் மழைக்கோட்டைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தார். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கேமரா வேல செய்யுதா?"

"செய்யுது."

"மறுபடி மொதல்லேருந்து போடு. என்னையும் எடு. சனிக்கிழம எல்லாரும் பாக்கட்டும்."

அவள் கேமராவைத் தாங்கியில் நிறுத்தினாள். ஆண்டியப்பன் எழுந்து, அப்பாவின் திரையைப் பார்த்தபடியே நாற்காலியை ஒரு எட்டு பின்னால் இழுத்தார். கண்ணாலேயே அளந்து, இன்னும் அரை எட்டு இழுத்தார்.

"ஏன் சித்தப்பா, அங்கேயே நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்பக் கிட்ட இருக்கு லா. நடுவுல செடி இருக்குல்ல."

சசிரேகா இரண்டையும் ஓடவிட்டாள். திரையில் அப்பா வந்து உட்கார்ந்து, ஒரு முறை இருமி, முழங்காலைப் பார்த்தார். அவர் கையைத் தூக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஆண்டியப்பன் எட்டு விரல்களையும் மடக்கி, இப்போதே தூக்கி வைத்துக்கொண்டார்.