கனநீர் குடித்த ஒடீல்

கிரெனோபிளில் ஒடீல் பெராஷோனின் தோலும் சதையும் கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்தபோது. கொழுப்பு மட்டும் மிச்சம் நின்றது: இரண்டு கன்னங்கள், இடுப்பைச் சுற்றி ஒரு வளையம், தலைக்குள் மூளை. கம்பளிச் சட்டை சட்டையாகவே இருந்தது. எலும்பு எங்கே போயிற்று என்று இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டு ஆறுகள் கூடும் முனையில் இருக்கும் எங்கள் அணு உலையில் அவள் தற்காலிக ஊழியை. கொழுப்பைச் சுமந்து திரியும் ஒரு புரதத்தை மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். கொழுப்பு அதன் உள்ளே, ரொட்டிக்குள் வைத்த சாக்லேட் போல இருக்கிறது என்பது அவள் கட்சி. வெளியே தடவியிருக்கிறது என்பார் பேராசிரியர் கோர்தியே. அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்தும் அவருடையதுதான். தண்ணீரில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு, கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீர் கலந்தால் நியூட்ரானின் கண்ணுக்குப் புரதம் மறைந்து கொழுப்பு மட்டும் தெரியும். அன்று மாலையோடு உலையைப் பழுதுபார்க்க மூடுகிறார்கள். நியூட்ரான் கற்றை கிடைக்கும் கடைசி மாலை அது. தவறவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"காப்பில யாருடா சர்க்கரை போட்டது?" என்றாள்.

கருவியைக் கவனித்துக்கொண்டிருந்த கிஸ்லேன் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தான். "அடக் கடவுளே! கனநீர்தான் இனிக்கும். அலமாரி பாட்டிலயா ஊத்துன?"

"தண்ணி பாட்டில்ல தண்ணி இல்லாம வேற என்ன இருக்கும்?"

"நம்ம கலவை இருந்துச்சு! பழைய பாட்டில் மூடி லூசா இருந்துச்சுன்னு இதுல மாத்தி வச்சேன். காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சிருமே!"

வேறு கனநீர் இருந்த கிடங்கு ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. ஒடீல் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு ஆத்திரம் தாங்காமல் அழுதாள். வெறும் காற்றிலிருந்து கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கிஸ்லேன் குவார்ட்ஸ் குப்பியை எடுத்துக் கன்னத்தடியில் பிடித்தான்.

"நிறுத்தாத. இந்தா, இதுல அழு."

அளந்து பார்த்தான். கனநீர் சரியாக நாற்பத்திரண்டு பங்கு. புரதம் கரைய வேண்டிய உப்பும் சரியாகவே இருந்தது. உலர்த்தி வைத்திருந்த புரதத்தை அதில் கரைத்துக் கற்றையின் எதிரே நிறுத்தினார்கள். திரையில் எழுந்த வளைகோட்டில் புரதம் இருந்த சுவடே இல்லை. நடுவில் திரண்டிருந்த கொழுப்பு மட்டும் தன் அளவைச் சொன்னது.

உலை நிற்கும் முன்பே கோர்தியே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சரிம்மா, உள்ளதான் இருக்கு. ஒத்துக்கறேன். நீ எங்க இருக்க?"

"கன்னத்தப் பாருங்க."

எங்கள் வழக்கப்படி இரு கன்னத்திலும் முத்தமிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு உலை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ரொட்டிக் கடை வரிசையில் ஒடீல் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு அவள் வழியாகவே பனிமலை தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. அவளுடைய நிரந்தர அடையாள அட்டையில் இரண்டு கன்னங்கள் மட்டும் உண்டு. சென்ற வாரம் வாயிற்காவலர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இளைச்சிட்டீங்க மதாம். இப்படியே போனா உள்ள விட முடியாது."

அன்று மதியம் ஒடீல் வெண்ணெய் தாராளமாகப் போட்ட வால்நட் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.