ரேஷ்மி பெயர் வெட்டிய அறுபது டம்ளர்கள்

1

"மாமா, ராஜையன் தாத்தாவுக்குத் தண்ணி குடிக்க வேற டம்ளர் இருக்கா?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. கேட்டவள் ரேஷ்மி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த பிள்ளை. அப்போது அவளுக்கு ஏழு வயது. வட்டக்கோட்டைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அய்யாவழிக்காரர்களான நாங்கள் கும்பிடுகிற நிழல் தாங்கல் ஊருக்கு நடுவில். அன்றைக்கு அங்கே ஒரு கல்யாணப் பந்தி. தண்ணீர் விளம்புகிற வேலை என்னுடையது.

எங்கள் தாங்கலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்துபோனால், முடிந்தவர்கள் அவர் பெயரை வெட்டிய பாத்திரங்களைத் தாங்கலுக்குக் கொடுப்பார்கள். ஊரில் நடக்கும் கல்யாணங்களுக்கு அவை போகும், கழுவப்பட்டுத் திரும்பி வரும். ரேஷ்மி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, 'ராஜையன் நினைவாக' என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் சிரித்தேன். "ஏட்டி, சோத்தத் தின்னு மக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

பதில் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

'கல்யாண வரவேற்புக்கு எதில் குடிக்கக் கொடுப்பது என்ற சாதாரணக் கேள்வி, ஒரு குடும்பத்தின் –'

அடித்துவிட்டேன். 'ஒரு குடும்பம்' என்று எழுதுகிறவன் தப்பிக்கப் பார்க்கிறான். குடும்பம் என்னுடையது. கல்யாணம் என் மகள் சபிதாவுடையது.

இரண்டாவது தொடக்கம்: 'மண்டபத்தின் பின்பக்கம் புளியும் சாம்பலுமாக வந்து நின்ற ஓமனா...'

இதுவும் வேண்டாம். அது பிறகு வர வேண்டியது. முதல் வரியிலேயே உங்களை அழவைக்கப் பார்ப்பது நியாயமில்லை.

வரிசையாகவே சொல்கிறேன். அந்தப் பந்தி நடந்து இரண்டு வருடத்தில் ரேஷ்மி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். அடுத்த மாதம் அவள் அம்மா ஓமனா, கோட்டாற்றுப் பாத்திரக்கடையிலிருந்து அறுபது எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கிவந்து தாங்கலுக்குக் கொடுத்தாள். கடைக்கு நானும் துணையாகப் போயிருந்தேன். பெயர் வெட்டுகிறவர் கேட்டார்:

"நினைவாகன்னு சேக்கணுமாம்மா?"

"வேண்டாம். பள்ளிக்கூடத்து டப்பாவுல போடுத மாதிரி பேரு மட்டும் போதும்."

ஆகவே அந்த டம்ளர்களில் 'ரேஷ்மி' என்று மட்டும் இருக்கும். புள்ளி புள்ளியாக.

அதன் பிறகு ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும், யாரும் கூப்பிடாமலே ஓமனா பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்துவிடுவாள். எல்லாப் பாத்திரத்தையும்தான் கழுவுவாள். அந்த டம்ளர்களை மட்டும் முந்தானையால் துடைப்பாள். ஒருமுறை என்னிடம், "அண்ணே, இன்னைக்கு அறுவது பேரு அவ பேரத் தொட்டாச்சு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பிறகு ஊருக்குப் பேப்பர் கப் வந்தது. டம்ளர்கள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, தாங்கலின் சாமான் அறைக்குள் போயின. அந்த அறையின் சாவி என்னிடம் இருக்கிறது.

3

சபிதாவின் கல்யாண வரவேற்பைப் பற்றிப் பேச வந்த சமையல் ஒப்பந்தக்காரர் ஜஸ்டஸ் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு பேப்பர் கப்பையும் ஒரு கண்ணாடி கிளாசையும் வைத்தார்.

"கப்புன்னா குடிச்சோமா, எறிஞ்சோமான்னு போவும் சார். கண்ணாடின்னா கழுவ நாலு ஆளு வேணும். எண்ணிப் பாத்தா எப்பவும் குறையும். போன மாசம் ஒரு வீட்ல, மாப்பிள்ளையோட மாமனே ரெண்டு கிளாசப் பையில போட்டுட்டுப் போனாரு."

"சட்டைப் பையிலயா?" என்றாள் சபிதா.

"ஜிப்பா மக்கா. ஜிப்பாப் பையி கெணறு மாதிரில்லா."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஓமனா வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணே, நம்ம டம்ளர எடுப்பியளா? எல்லாருக்கும் வேண்டாம். முதல்ல வாற அறுவது பேருக்கு மட்டும். நான் கழுவித் தாறேன்."

"அதுக்கென்ன ஓமனா. இவளும் ரேஷ்மியும் ஒரே பெஞ்சுல இருந்தவங்கல்லா. எடுப்போம்."

சபிதா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓமனா சபிதாவை மேலும் கீழும் பார்த்தாள். அது எந்தப் பார்வை என்று எனக்குத் தெரியும். இவ்வளவு உயரம் வளர்ந்திருப்பாள், இப்படித்தான் தலை பின்னியிருப்பாள் –

(இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எழுத எனக்கு உரிமையில்லை.)

[அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. கண்ணாடிதான். கும்பிடுகிறவன் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். நான் சொல்லப்போகும் காரியத்துக்குப் பிறகு, கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.]

4

பகவதியம்மாளை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மாப்பிள்ளை விபினின் அம்மா. அருமனை ஊர்க்காரர்கள், ரப்பர்த் தோட்டம் உண்டு. முதல் வரைவில் அந்த அம்மாவுக்குக் கனமான வளையல்களும் கரகரத்த குரலும் கொடுத்திருந்தேன். டம்ளரை மேசையில் 'டங்' என்று வைப்பதாக எழுதினேன். வாசகர்களுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைக்கும், எனக்கு வேலை மிச்சம்.

ஆனால் அவர் அப்படி இல்லை. மெலிந்த உடம்பு. மெல்லிய குரல். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மண்டபம் பார்க்க வந்தார்கள். மாதிரிக்கு ஒரு டம்ளரை நான் எடுத்துப்போயிருந்தேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரேஷ்மி ஆரு?"

'எங்க தாங்கல் டம்ளர்' என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் ஊரில் எனக்கு உண்மை பேசுகிறவன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னேனோ என்று இப்போது நினைக்கிறேன். காய்ச்சல், மூன்று நாள், ஒன்பது வயது, எல்லாவற்றையும் சொன்னேன்.

பகவதியம்மாள் டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"சம்மந்தி, தப்பா நினைக்கப்படாது. மூத்த மருமவளுக்கு ரெண்டு மட்டம் கலைஞ்சு போச்சு. இப்ப மூணாவது மாசம். அவ வந்து இதுல குடிச்சா... எனக்குப் பேடியாட்டு இருக்கு."

"மைனி, அது சின்னப் புள்ள. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்க அதுக்கு –"

"சின்னப் புள்ளன்னுதான் பேடி."

பேடி என்றால் அந்தப் பக்கத்தில் பயம். அவர் டம்ளரை என் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

"விபின் கப்புல ரெண்டு பேரு பேரயும் அடிச்சுத் தாறதாச் சொல்லியிருக்கான். அதயே வச்சிரலாம் சம்மந்தி."

"செரி மைனி" என்றேன்.

அந்த 'செரி'யைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பயந்திருக்கிற ஒரு பெண்ணிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அடுத்த ஆறு நாளும் ஓமனா வீட்டு வழியாகத்தான் போய்வந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று... ஒரு எட்டு ஏறி, 'இப்படி ஆகிவிட்டது, மன்னிச்சுக்கோ' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தச் சின்ன இரக்கத்தைக்கூட நான் செய்யவில்லை.

5

வரவேற்பு மாலை ஆறு மணிக்கு. நான்கு மணிக்கே ஓமனா வந்துவிட்டாள். புதுச்சேலை. கையில் மஞ்சள் பை, அதற்குள் புளி, சாம்பல், தேங்காய் நார். மண்டபத்தின் பின்பக்கம் பேப்பர் கப்புகள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் சபிதா – விபின்.

"டம்ளரு இன்னும் வரலியா அண்ணே?"

"ஓமனா, அது வந்து... அருமனைக்காரங்களுக்குக் கொஞ்சம்..."

நான் முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. கப்புகளைப் பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதை மேசைக்கு அடியில் காலால் தள்ளினாள்.

"செரி அண்ணே. அவங்களுக்கும் பயம் இருக்கும்லா."

"ஓமனா..."

"அந்தத் தட்ட இங்க தாருங்கோ. ஆளு இப்ப வரத் தொடங்கிரும்."

அன்று மாலை முழுவதும் அவள் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள், பேப்பர் கப்பில். மூத்த மருமகள் வந்தபோது நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி என்று யாரும் சொல்லாமலே ஓமனாவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருந்து மெதுவாக் குடி மக்கா" என்றாள். பகவதியம்மாள் பக்கத்தில் நின்று ஓமனாவைப் பார்த்துச் சிரித்தார். யார் என்று தெரியாமல்தான்.

எல்லோரும் போன பிறகு பின்வாசலில் கப்புகள் குவிந்து கிடந்தன. மிதிபட்டு நசுங்கியவை, பாயசம் ஒட்டியவை. ஒரு நாய் என் மகளின் பெயரை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை.

6

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவில், எட்டு மணிக்குக் கப்புகள் தீர்ந்துபோகின்றன. ஜஸ்டஸ் கையைப் பிசைகிறார். நான் தாங்கலுக்கு ஆளனுப்புகிறேன், டம்ளர்கள் வருகின்றன, பகவதியம்மாளே தாகத்தில் ஒன்றை வாங்கி – பொய். கப்புகள் தீரவில்லை. இரண்டு கட்டு மிச்சமிருந்தது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சில மாதம் கழித்து அருமனைக்குப் போகிறேன். சபிதா தண்ணீர் கொண்டுவருகிறாள். டம்ளரைத் திருப்பினால் 'ரேஷ்மி'. யாருக்கும் தெரியாமல் என் மகள் ஒன்றை எடுத்துப்போயிருக்கிறாள்! நான்கு பக்கம் எழுதினேன். பிறகு சாமான் அறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். அறுபதும் இருந்தன. சபிதாவிடம் கேட்டும்விட்டேன். "எனக்கு அது தோணலியேப்பா" என்று போனில் அழுதாள். கதைக்காகப் பிள்ளையை அழவைத்தவன் ஆனேன்.

ஓமனா என்னைத் திட்டுவதாக ஒரு முடிவு எழுத உட்கார்ந்தேன். 'நீங்களும் ஒரு மனுசனா அண்ணே' என்று... அவள் வாயில் அந்தச் சொல் நிற்கவே இல்லை. உண்மையில் மறுநாள் காலை தெருவில் பார்த்தபோது அவள் கேட்டது இதுதான்: "சபிதா நல்லபடியாப் போய்ச் சேந்தாளா அண்ணே?"

அவள் திட்டியிருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது.

7

மிச்சம் ஒன்று இருக்கிறது. அதை ஓமனாவிடம் சொல்லவில்லை. சொன்னால், 'போட்டும் அண்ணே' என்று அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும். அந்த வேலையையும் அவள் தலையில் வைக்கலாமா? இதைப் படித்த நீங்கள் என்றைக்காவது எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிவு அதுதான். அதை என்னால் எழுத முடியவில்லை.

நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஒரு நாள், தாங்கலில் உச்சிப் பணிவிடை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சாமான் அறையைத் திறந்தேன். புளியும் சாம்பலும் கொண்டுபோயிருந்தேன். செய்தித்தாளைப் பிரித்து, டம்ளர்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். புள்ளிகளுக்குள் கறுத்திருந்தது. நார் உள்ளே போகவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

எல்லாவற்றையும் அறைக்குள் தரையில் வரிசையாக வைத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன். அறுபது பேரை என்னால் கூட்டிவர முடியாது. கூட்டிவந்தாலும் எதற்கென்று சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் எடுத்து, பெயரை வாசித்து, ஒரு வாய் குடித்தேன். சபிதாவின் கல்யாணத்துக்கு வந்த ஒருவர் குடித்ததாக வைத்துக்கொண்டேன். இருபதில் வயிறு நிறைந்துவிட்டது. நாற்பதில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அறுபத்துமூன்று வயது உடம்பு. ஏப்பமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நிறுத்தவில்லை.

ஐம்பத்தொன்பது ஆயிற்று.

கடைசி டம்ளரை விளிம்புவரை நிரப்பினேன். அதில் வாய் வைக்கவில்லை. தண்ணீர் சிந்தாமல், சுவரோரமாக, ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையெட்டுகிற உயரத்தில் இருந்த பலகையில் வைத்தேன்.

"இருக்கு மக்கா" என்றேன்.