மூன்றாம் உரம்

இராமலிங்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அடி அண்ணாமலையில் எல்லோரும் சொல்வார்கள். எல்லோருக்கும் என்ன தெரியும்? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த வேதாவுக்கே தெரியவில்லை.

பௌர்ணமி அன்று காலை, கரும்புக்கு மூன்றாவது தடவை யூரியா போடப் போனவர் ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டார். கிரிவலப் பாதையில் போடும் சுண்டல் கடைக்கு வேதா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

“முடிஞ்சிடுச்சி. நீ போய் கடையப் பாரு. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்.”

முகம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தாள். மோர் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நெரிசலில் முட்டி மோதி அவள் வந்து சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம் கொழுந்தன் ராஜேந்திரன் வந்தான். டவுனில் போன் கடை வைத்திருப்பவன். அண்ணன் போன பிறகு கழனிக்கு வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போவதோடு சரி.

“மோட்டார் கொட்டாயில ரெண்டு மூட்ட யூரியா கெடக்குது அண்ணி. நெல்லுக்கு வாங்கி வெச்சிருப்பாரு போல.”

வேதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நெல்லுக்கு இன்னும் நாற்றே விடவில்லை. ஆனால் எதையும் முன்கூட்டியே வாங்கி வைக்கிற மனுஷன் அவர். முடிஞ்சிடுச்சி என்று அவர் வாயாலேயே சொல்லியும் இருக்கிறார். நம்புவதா, வேண்டாமா?

மூன்றாம் உரம், கரும்பு நட்டுத் தொண்ணூறு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். போட்டதற்கு மேல் போட்டால் கரும்பு கொழுத்து, காற்றடித்தால் சாய்ந்துவிடும். போடாமல் விட்டால் குச்சியாய் நிற்கும். ரொம்பத் தள்ளிப் போட்டாலோ, பச்சை மட்டும் ஏறும், சர்க்கரை ஏறாது. விடிந்தால் தொண்ணூற்றேழாவது நாள். இனி அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு கரும்புதான்.

“நான் காலைல போய்ப் பாக்கறேன்.”

“கருமாதி முடியட்டும் அண்ணி. அதுக்கு முன்ன வாசப்படி தாண்டினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“கருமாதி வரைக்கும் கரும்பு காத்துனு இருக்குமா தம்பி?”



மறுநாள் பொழுது விடிந்ததும் போனாள். மார்பளவு கரும்பு. கொட்டாய்ப் பக்கம் கருகருவென்று பச்சை. அப்பாடா, முடித்துத்தான் இருக்கிறார் என்று நினைத்தபடியே வரப்பில் நடந்தாள். பாதிக் கழனியில் நிறம் மாறியது. அந்தப் பக்கம் அவ்வளவும் வெளிறிய மஞ்சள்.

கரும்பு வரிசைகளுக்கு நடுவில் ஓடும் சாலுக்குள் இறங்கினாள். பச்சை, சால் முடிவு வரைக்கும்கூடப் போகவில்லை, நடுச்சாலிலேயே நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் நீலப் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அடியில் மிச்ச யூரியா பனியில் இளகிக் கட்டிதட்டிக் கிடந்தது.

பாதிச் சாலில் வேலையை விட்டு வருகிற ஆள் இல்லை அவர். சோறு ஆறிப்போனாலும் சால் கடைசிக்குப் போய்த்தான் நிமிர்வார். இங்கேதான் வலித்திருக்கிறது. பேசினைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்து வந்து, முடிஞ்சிடுச்சி என்று சொல்லியிருக்கிறார்.

“ஒரு வார்த்த சொல்லி இருந்தா ஆட்டோ வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருப்பேனே! கடையா எனக்குப் பெருசு?” என்று கரும்பைப் பார்த்துக் கத்தினாள். அவர்மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் அவள் மேலேயே திரும்பியது. அந்த வேர்வையை வெயில் என்று எப்படி நினைத்தேன்? பேசினை மடியில் வைத்துக்கொண்டு சாலிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டில் எட்டு நாள் அழுத அழுகை வேறு, இது வேறு.

எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. கொட்டாய்க்குப் போய் மூட்டையைப் பிரித்தாள். பேசினை நிரப்பிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தவளுக்குக் கை எழவில்லை. இதைப் போட்டால் கொஞ்ச நாளில் மஞ்சளும் பச்சையாகிவிடும். அவர் கடைசியாக நின்ற இடம் எதுவென்று அப்புறம் தேடினாலும் கிடைக்காது. போடாமல் விட்டால் மட்டும் அவர் வந்துவிடப் போகிறாரா? குனிந்து, அவர் விட்ட கரும்புத் தூருக்கு அடுத்த தூரில் முதல் பிடியை வைத்தாள்.

நாலு சால் முடிந்தபோது வரப்பில் ராஜேந்திரன் நின்றிருந்தான். பச்சையையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தான். பேன்டைச் சுருட்டிக்கொண்டு இரண்டாவது மூட்டையைத் தூக்கி வந்தான். மதியத்துக்குள் முடித்துத் தண்ணீர் கட்டினார்கள். ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் குளக்கரைக்குப் போகிற வழியில் வேதா கழனி ஓரம் நின்றாள். பேசின் இருந்த அந்தச் சால் எதுவென்று கண்ணால் தேடினாள். கழனி முழுக்க ஒரே பச்சை.

குளக்கரையில் தாலியைக் கழற்றினார்கள். கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கை கூப்பிக் குனிந்தவள், “முடிஞ்சிடுச்சிங்க” என்றாள். எல்லாம் முடிந்துபோன துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராஜேந்திரன் மட்டும் கழனிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.