ஆவிக்குள் ஒரு சுவர்

ஈரக் கான்கிரீட்டை அச்சில் ஊற்றியதும் தார்ப்பாய் போர்த்தி, அடியில் நீராவி விடுவது என் வேலை. இன்று கூழாகக் கிடப்பது நாளை சுவராக எழுந்து நிற்கும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. பழகிவிட்டது என்று சொல்பவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் மட்டும் வாயைத் திறக்க முடியாத நிலைமை. அடுத்தடுத்து இரண்டு சுவர்ப் பேனல்கள் ஒரே மூலையில் விரிசல் விட்டிருந்தன. "சூட்டைக் கண்டபடி இறக்குறீங்க. இன்னொண்ணு போச்சுன்னா ஆவி வால்வ வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்" என்று எஞ்சினியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது பேனலுக்கு ஆவியை நிறுத்தினேன். சூடு மெல்லத் தணிய வேண்டும்; திடீரென்று குளிர்ந்தால் வெடிக்கும். சுற்றிச் சுற்றி வந்தபோது அதே மூலையில் பாய் புடைத்திருந்தது. கையை விட்டால் ஒரு டிபன் டப்பா. கிரேன் ஓட்டும் என் நாத்தனாருடையது. சாப்பாடு சூடாக இருக்கட்டும் என்று செருகியிருக்கிறாள். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று ஜம்மென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னே வந்தியா?"

"ஒரு டப்பாதானே அண்ணி. இந்த வாரம் தினமும் வைக்கிறதுதான்."

"தினமும் வெச்சியா? அப்ப அந்த ரெண்டு பேனலும் உன் கைங்கரியமா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. மணல் மூட்டையைத் தூக்கிவந்து பாயின் விளிம்பை அமுக்கினாள். நேரே எஞ்சினியரிடம் போய்த் தன் வாயாலேயே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். "மூலையில காத்து பட்டுருச்சுல்ல. எதுக்கும் தூக்கிப் பாப்போம்" என்றார். பிழைப்பேனா என்பது இனி அந்த மூலையின் கையில்.

நன்றாகத் தணிந்தபின் பாயை விலக்கிக் கை வைத்தேன். இன்னும் வெதுவெதுப்பு, தூங்கும் பிள்ளையின் முதுகுபோல. ஆவி நின்று எவ்வளவோ நேரமாகியும் தன் சூட்டிலேயே இறுகிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வழக்கமாக வெடுக்கென்று இழுக்கும் நாத்தனார், அன்று கிரேனை நகர்த்துவதே தெரியவில்லை. கம்பிகள் விறைத்தன. படுத்துக் கிடந்த சுவர் மெல்ல எழும்பி, ஆகாயத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எஞ்சினியர் ஈரத்துணியால் அந்த மூலையைத் துடைத்தார். விரிசல் இருந்தால் ஈரம் கோடாகத் தங்கும். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கோடு இல்ல. நாளைக்கும் நீங்களே வால்வப் பாத்துக்கங்க" என்றார்.

அண்ணாந்து வாய் பிளந்து நின்ற எனக்கு, வேலை போகவிருந்தது என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.