மழை வரும் என்று தெரிந்தவன்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஃபைசலை ஓட வைத்தது சர்க்கரை வியாதி. துபாயிலிருந்து திரும்பும்போதே கூட வந்துவிட்ட வியாதி அது. டாக்டர் நடக்கச் சொன்னார். உப்பளத்து நடுவே போகும் மண்ரோட்டில் அவன் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்தான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த கலையரசன். அங்கே பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவன்.

"நடந்தா சுகரு எறங்காதுடா, ஓடு" என்றான்.

அன்றிலிருந்து விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஃபைசல் நேராக அங்கே வந்துவிடுவான். இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினார்கள்.

பாண்டிச்சேரி மாரத்தானுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேர் கொடுத்தது ஃபைசல்தான். தனியாக ஓடினால் பாதியிலேயே அவன் கால் நின்றுவிடும். பக்கத்தில் கலையரசன் மூச்சுவிடும் சத்தம் கேட்டால் போதும், எவ்வளவு தூரமும் போய்விடுவான். "நாம பிராக்டிஸ் பண்ணுவோம், ரிசல்ட்டு அல்லாஹ் கையில" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். கையேந்திக் கேட்கும் துஆவில் மட்டும் ரிசல்ட்டைத்தான் கேட்டான். வெயில் வேண்டாம், மேகம் போடு, முடிந்தால் மழையே போடு என்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து போனில் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை கரையோரம் முழுக்க கனமழை என்று போட்டிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னான். சொன்ன பிறகுதான் கலையரசனின் உப்பு ஞாபகம் வந்தது. இந்த வருஷத்து முதல் உப்பு. பாதி இன்னும் பாத்தியில் இருந்தது. வாரிய பாதி மேட்டில் மூடாமல் குவிந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் கலையரசனே கடைக்கு வந்தான்.

"நாளைக்கே கெளம்பணுமாடா? வீட்டுல சுலோ ஒத்தையா இருப்பா. உப்பு வேற வாராம கெடக்குது. மழை கிழை வருமா? நீதான் போன்ல பாத்துனே இருப்பியே."

ஃபைசல் செருப்புப் பெட்டியை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டான்.

"தை மாசத்துல என்னடா மழை? அல்லாஹ் பாத்துப்பான், வா."

கலையரசன் அதற்குமேல் கேட்கவில்லை. அல்லாஹ் பேரைச் சொல்லிவிட்டு ஃபைசல் பொய் பேசமாட்டான் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை பாண்டிச்சேரி போய் லாட்ஜில் தங்கினார்கள். ஞாயிறு விடியும் நேரம், கடற்கரை ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது தூறல் விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். கலையரசன் மட்டும் வடக்கே பார்த்தான். அந்தப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. போன் அடித்தது. அவன் பெண்டாட்டி சுலோசனா. அவள் போட்ட சத்தம் ஃபைசலுக்கே கேட்டது.

"ஏங்க, இங்க விடாம ஊத்துதுங்க. நான் ஒருத்தி எதைன்னு மூடுவேன்?"

கலையரசன் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றினான்.

"நான் போறேன்டா. நீ ஓடு. பாதியில நின்னுடாத, என்ன?"

ஃபைசலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போனான். நானும் வர்றேன் என்று ஃபைசல் சொல்லியிருக்கலாம். அதற்குள் கூட்டம் நகர ஆரம்பித்தது, அவனும் நகர்ந்தான்.

மழையில் உடம்பு சூடேறவே இல்லை. வழியில் தண்ணீர் நீட்டிய ஒரு பெண், "செம வெதர்ணா, லக்கி நீங்க!" என்றாள். அவனுக்கு அழுகை முட்டியது. கால் கெஞ்சியபோதும் நிற்கவில்லை. நின்றால் சுலோசனாவின் குரல் கேட்கும் என்று பயமாக இருந்தது. பயிற்சியில் ஒருநாளும் வராத வேகத்தில் ஓடி முடித்தான். கழுத்தில் மெடல் போட்டார்கள். முடித்ததும் நன்றிக்கு ஒரு சஜ்தா செய்ய வேண்டும் என்று மாசக்கணக்கில் நினைத்து வைத்திருந்தான். முட்டி போட்டான். நெற்றி தரைக்குப் போகவில்லை. எழுந்து, மெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

உப்பளத்தில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. மேட்டில் இருந்த குவியல் கரைந்து முழங்கால் உயரத்துக்கு இளைத்திருந்தது. அதன்மேல் வீட்டுப் புடவையும் போர்வையும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுலோசனா கொண்டுவந்து மூடியிருக்கிறாள்.

"வாங்க பாய், முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவனால் தாங்க முடியவில்லை.

"கலை, வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்டா. போன்ல மழைன்னு இருந்துச்சு. சொன்னா நீ வரமாட்டேன்னுதான் சொல்லல. மழை வேணும்னு துஆ வேற கேட்டுனு இருந்தேன்."

சுலோசனா பிழிந்துகொண்டிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டு நகர்ந்து போனாள். கலையரசன் தண்ணீரையே பார்த்தபடி நின்றான்.

"மழை உன் சாமி கையில. நீ கேட்டாலும் வரும், கேக்கலன்னாலும் வரும். அத வுடு. எங்கிட்ட சொல்றது உன் கையிலதானடா இருந்துச்சு? அத ஏன் தூக்கி அவன் தலையில போட்ட?"

ஃபைசல் கீழே கிடந்த புடவையை எடுக்கக் குனிந்தான்.

"வீட்டுக்குப் போ" என்றான் கலையரசன்.

தண்ணீர் வடிந்ததும் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த உப்பில் சேறு ஏறும். ஃபைசல் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டுப் போய், கடைசிப் பாத்தியில் இறங்கி மிதித்தான். ஓடிய வலி தொடையில் அப்படியே இருந்தது. வா என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை. தினமும் போனான். ஒருநாள் கலையரசன் தூரத்திலிருந்தே, "குதிங்கால ஊனி மிதி" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மாசியில் உப்பு மறுபடி பூத்தது. கலையரசன் மறுபடி ஓட ஆரம்பித்தான், ஃபைசல் வருவதற்கு முன்பே கிளம்பி, தனியாக. ஃபஜ்ர் முடிந்து வந்த ஃபைசல், மண்ரோட்டில் வெகுதூரத்தில் அவன் முதுகைப் பார்த்தான். அவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கக் கை ஏந்தப் போனான். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அவன் பின்னாலேயே ஓட ஆரம்பித்தான்.